கேமரா கண்டதா, கை பிடித்ததா?

வாசகர் கேள்வி – பதில்

அறிவியல் புனைவுப் படங்களில் வரும் கருவிகளையும் கவசங்களையும் நகலெடுத்துச் செய்வது பற்றி வந்த கடிதங்களில் ஏழினை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். திரைத்துறையினர் இத்தகைய பொருள்களை ‘ப்ராப்’ என்று சொல்வதால் நானும் அச்சொல்லையே பயன்படுத்துகிறேன்.

கேள்வி: 1977-இல் வெளிவந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் இளம் நாயகனுக்குக் கிடைக்கும் லைட்சேபர் என்னும் ஒளிவாளின் கைப்பிடியை நகலெடுக்க விரும்புகிறேன். நான் சேகரித்த வரைபடங்கள் ஆளுக்கோர் அளவைச் சொல்கின்றன. எது சரியான அளவு?

பதில்: அந்தக் கைப்பிடி ஒரு வரைபடத்திலிருந்து பிறக்கவில்லை. அதனால்தான் உங்கள் கையிலுள்ள வரைபடங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. படத்தின் அரங்க அலங்காரப் பொறுப்பில் இருந்த ரோஜர் கிறிஸ்டியன், லண்டனில் ஒரு புகைப்படக் கருவிக் கடையில் கிடைத்த பழைய கிராஃப்ளெக்ஸ் ஃபிளாஷ் கைப்பிடிகளை எடுத்து, கைபிடிக்கும் இடத்தில் கறுப்புப் பட்டைகளை ஒட்டி, கணக்குப்பொறி ஒன்றின் எண்திரையிலிருந்து கழற்றிய குமிழ் வில்லைப் பட்டையை நடுவிலுள்ள கிளாம்ப்பில் பொருத்தி அதை உருவாக்கினார். செய்திப் புகைப்படக்காரர்கள் தங்கள் பெரிய கேமராவின் பக்கவாட்டில் மாட்டி, மேலே பல்பையும் பிரதிபலிப்புக் கிண்ணத்தையும் பொருத்திக்கொள்ளும் உலோகக் குழாய்தான் அது. அதன் உள்ளே மூன்று ‘டி’ வகை மின்கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமரும்.

இந்த ஒரு செய்தியே உங்களுக்கு நல்ல அளவுகோலாகும். ‘டி’ மின்கலத்தின் விட்டம் சுமார் 34 மில்லிமீட்டர், நீளம் சுமார் 61 மில்லிமீட்டர். இந்த அளவுகள் எங்கும் ஒன்றே. உங்கள் வரைபடத்தின்படி வரும் குழாய்க்குள் மூன்று மின்கலங்கள் இறங்கி அமர முடியுமா என்று கணக்கிட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அந்த வரைபடத்தைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். எந்த ப்ராப்பை நகலெடுத்தாலும் இந்த வழி உதவும். அதில் ஒட்டப்பட்டிருக்கும் திருகு, குமிழ், மின்இணைப்பி ஆகியவற்றுள் கடையில் விற்ற ஏதேனும் ஒரு பொருளை அடையாளம் கண்டுகொண்டால், வெர்னியர் காலிப்பரால் அதை அளந்து, மற்ற அளவுகளையெல்லாம் புகைப்படத்திலிருந்தே விகிதம் போட்டு எடுத்துவிடலாம். இதற்கு, பொருளுக்குத் தொலைவிலிருந்து எடுத்த படத்தைத்தான் பயன்படுத்தவேண்டும். அருகிலிருந்து எடுத்த படத்தில் கேமராவை நோக்கியிருக்கும் முனை பெரிதாகவும் மறுமுனை சிறிதாகவும் தோன்றுவதால், உங்கள் உருளை கூம்பாகிவிடும்.

அளவைவிட முந்திய ஒரு கேள்வி இருக்கிறது. எந்தப் பொருளின் நகல் உங்களுக்கு வேண்டும்? ஒரே படத்துக்கு ஒரே ப்ராப் பல பிரதிகளாகச் செய்யப்படும். முகத்துக்கு அருகில் காட்டப்படும் ‘ஹீரோ’ பிரதி ஒன்று. சண்டைக் காட்சியில் விழுந்தாலும் அடிபடாத ரப்பர் பிரதி ஒன்று. பின்னணியில் நிற்பவர்கள் இடுப்பில் தொங்கவிடும் வெற்றுப் பிரதிகள் சில. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான முதல் ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் வரும் கம்யூனிகேட்டர் என்னும் கையடக்கத் தொடர்புக் கருவியை உருவாக்கியவர் வா சாங் என்ற சிற்பி. மூடியைத் திறந்ததும் உள்ளே கோலம் சுழல்வதுபோல் தெரியும் வட்டு, அருகில் காட்டுவதற்கென்று செய்த பிரதிகளில் மட்டுமே இயங்கியது. மற்றவை வெறும் கூடு. நீங்கள் ‘அசல்’ என்று சொல்லும்போது இவற்றுள் எதைச் சொல்கிறீர்கள்?

கேமரா கண்ட பொருளும் கை பிடித்த பொருளும் வேறுபடும் என்பதற்கு என் மனத்தில் முதலில் வரும் சான்று, அதே தொடரின் எண்டர்பிரைஸ் விண்கலத்தின் பெரிய மாதிரி. வாஷிங்டனிலுள்ள தேசிய வான்வெளி, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த 3.4 மீட்டர் நீள மாதிரியின் வலப்பக்கம் முழு அலங்காரத்துடன் இருக்கும். இடப்பக்கம் வேலை முடிக்கப்படாதது. விளக்குகளுக்கான கம்பிகள் அந்தப் பக்கம் நுழைந்ததால் கேமரா வலப்பக்கத்தையே படமெடுத்தது. அருங்காட்சியகம் அதைச் சீரமைத்து 2016-இல் மீண்டும் காட்சிக்கு வைத்தபோது, பல ஆண்டுகளில் பலர் கைபட்டு மாறியிருந்த அந்த மாதிரியை, 1967 ஆகஸ்ட் மாதத்தில் படப்பிடிப்பில் இருந்த தோற்றத்துக்குக் கொண்டுவருவது என்று முதலில் முடிவு செய்துகொண்டது. ஓர் அருங்காட்சியகமே ஒரு மாதத்தைக் குறித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறது. நீங்களும் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, அந்தக் காட்சியில் இருப்பதுபோல் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: வீட்டிலுள்ள முப்பரிமாண அச்சுப்பொறியில் ஒரு கருவியை அச்சிட்டு வெள்ளி நிறம் அடித்தேன். பார்த்தவர்கள் அனைவரும் பிளாஸ்டிக் என்றே சொல்கிறார்கள். உலோகம்போல் தோன்ற என்ன செய்யவேண்டும்?

பதில்: வண்ணத்தைக் குறை சொல்லவேண்டாம்; அதற்கு முந்திய வேலையில்தான் குறை. இழையை உருக்கி அச்சிடும் பொறி 0.2 மில்லிமீட்டர் அளவில் அடுக்கடுக்காகப் பொருளை எழுப்புகிறது. அந்த அடுக்குகளின் வரிகளை வண்ணம் மறைப்பதில்லை. பளபளப்பான வண்ணமோ அவற்றை எடுத்துக் காட்டிவிடும். 120 எண் உப்புத்தாளில் தொடங்கி, 220, 400 என்று படிப்படியாக மென்மையான தாளுக்கு வந்து, இடையிடையே பட்டி பார்த்து, பள்ளங்களை நிரப்பும் தடித்த பிரைமரைத் தெளித்து, மீண்டும் தேய்க்கவேண்டும். பி.எல்.ஏ. என்னும் பொருளில் அச்சிட்டிருந்தால் நீர் தொட்டுத் தேய்ப்பதே நல்லது. காய்ந்த நிலையில் தேய்த்தால் உராய்வின் சூட்டிலேயே பரப்பு இளகித் தாளில் ஒட்டிக்கொள்ளும். அப்பொருள் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்குவதால், வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் அதை விட்டுவைக்கவும் கூடாது. காய்ந்த தூளைத் தேய்க்கும்போது முகமூடி அவசியம்.

வேலை முடிந்துவிட்டதா என்பதை அறை விளக்கின் வெளிச்சத்தில் கண்டுபிடிக்க முடியாது. அறையை இருட்டாக்கிவிட்டு, ஒரு டார்ச் விளக்கைப் பொருளின் பரப்போடு ஒட்டினாற்போல் படுக்கவைத்துப் பிடியுங்கள். மறைந்துவிட்டதாக நினைத்த ஒவ்வொரு வரியும் தனக்கென்று ஒரு மெல்லிய நிழலைக் காட்டும். பென்சிலால் அந்த இடங்களைச் சுழித்துவிட்டு மீண்டும் பட்டி பாருங்கள். மூன்றாம் முறை டார்ச் பிடிக்கும்போது பெரும்பாலும் நிழல் இராது.

அதன் பிறகு பளபளப்பான கறுப்பு, நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் மெல்லிய பூச்சுகளாக உலோக நிறம். அடியிலுள்ள கறுப்பு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு உலோகத்தின் ஆழம் தெரியும். கடைசியாகப் பழமையேற்றுதல். இதில் கற்பனைக்கு வேலை வைக்காமல், பல ஆண்டுகள் புழங்கிய ஒரு பொருளைக் கையிலெடுத்துப் பாருங்கள். கறுப்பு வண்ணமடித்த பித்தளை உடல்கொண்ட பழைய கேமராவில், கட்டைவிரல் படியும் இடத்திலும் தோல்வார் உரசும் மூலையிலும் மட்டுமே மஞ்சள் எட்டிப்பார்க்கும். விரல் எட்டாத பள்ளங்களில் அழுக்கு தங்கியிருக்குமே தவிர வண்ணம் உரிந்திருக்காது. உங்கள் கருவியை ஒருமுறை பிடித்துப் பார்த்து, விரல்கள் எங்கே படிகின்றன என்று குறித்துக்கொண்டு, அங்கே மட்டும் தேய்மானத்தைக் காட்டுங்கள். எல்லா விளிம்புகளிலும் ஒரே அளவாக வெள்ளி தீற்றிய பொருள், அதை யாரும் பயன்படுத்தியதே இல்லை என்பதைத்தான் சொல்லும்.

கேள்வி: எனக்குக் கைவேலை வராது. ஒரு கைவினைஞரிடம் சொல்லிச் செய்துகொள்ள எண்ணுகிறேன். எதையெல்லாம் கேட்டுக்கொள்ளவேண்டும்?

பதில்: பல ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலில் ஒரு கவசத் தலையணியைச் செய்யச் சொன்னபோது, செய்பவர் அனுப்பிய அழகான படங்களைப் பார்த்து முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். அவை கணினியில் வரைந்து ஒளியூட்டிய படங்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வந்து சேர்ந்த தலையணி படத்தில் இருந்த வடிவத்தில்தான் இருந்தது. ஆனால் என் தலை அதற்குள் நுழையவில்லை. உள் சுற்றளவை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருப்பதால் இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அவர் செய்துமுடித்த பொருள்களின் புகைப்படங்களைக் கேளுங்கள். அலங்கார விளக்கில் எடுத்தவை வேண்டாம், சன்னல் வெளிச்சத்தில் முன்புறம், பின்புறம், உட்புறம் மூன்றையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு கைவினைஞரின் தரம் பொருளின் உட்புறத்திலும், இரண்டு பாகங்கள் சேரும் தையலிலும்தான் தெரியும். இந்தக் கோரிக்கையை நல்ல கைவினைஞர் எவரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். என் அனுபவத்தில் அவர்கள் மகிழ்ந்து அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்து, பேசிக்கொள்வதையெல்லாம் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘படத்தில் இருப்பதுபோல்’ என்ற சொல்லை மட்டும் நம்பி வேலையைத் தொடங்கவிடாதீர்கள். எந்தக் காட்சி, எத்தனையாவது நிமிடம், எந்தப் பக்கம் என்பதைக் குறித்து, அந்தக் காட்சியின் படத்தையும் இணையுங்கள். திரையில் தெரிந்த நிறம் வேண்டுமா, அசல் பொருளில் அடித்திருந்த நிறம் வேண்டுமா என்பதையும் எழுதவேண்டும். படப்பிடிப்பு விளக்கும் பின்னர் செய்யும் நிறத்திருத்தமும் சாம்பலை நீலமாகக் காட்டக்கூடும். கைவினைஞர் சாம்பல் அடித்துக் கொடுத்து, நீங்கள் நீலத்தை எதிர்பார்த்திருந்தால், இருவருமே தவறு செய்யாமல் இருவருக்கும் மனக்கசப்பு வரும். ஒரு சிறு துண்டில் வண்ண மாதிரி அடித்து அனுப்பச் சொன்னால் இது தீரும். அலமாரியில் வைப்பதற்கா, உடுத்திக்கொண்டு நாள் முழுவதும் நடப்பதற்கா என்பதைச் சொல்லிவிடுங்கள். முன்னதற்கு எடை இருந்தால் அழகு, பின்னதற்கு எடையே எதிரி. அணிவது என்றால் உங்கள் உடலளவுகளை நாடாவால் அளந்து மில்லிமீட்டரில் கொடுங்கள். என் தலைக்கு நேர்ந்தது உங்களுக்கு வேண்டாம்.

பணத்தை வேலையின் கட்டங்களோடு பிணையுங்கள். பொருள் வாங்க ஒரு பங்கு முன்பணம். வண்ணம் பூசாத உருவைப் புகைப்படத்தில் பார்த்து ஒப்புக்கொண்டபின் ஒரு பங்கு. முடிந்த பொருளின் படங்களைப் பார்த்தபின் மிச்சம். வண்ணம் பூசுவதற்கு முந்திய கட்டத்தில்தான் வடிவத் திருத்தம் எளிது என்பதால், அந்தப் படங்களை நிதானமாகப் பாருங்கள். அச்சு எடுத்து வார்ப்பதாக இருந்தால், அந்த அச்சு யாருக்குச் சொந்தம், அதிலிருந்து வேறு பிரதிகள் செய்வாரா என்பதையும் முன்னதாகவே பேசிவிடவேண்டும். அவர் கேட்கும் காலத்தைக் குறைக்கப் பேரம் பேசாதீர்கள். பட்டி காய்வதற்கும் வண்ணம் இறுகுவதற்கும் ஆகும் நாள்களை யாராலும் சுருக்கமுடியாது, சுருக்கினால் பொருளில் உங்கள் விரல்ரேகை பதிந்து வரும்.

கேள்வி: களிமண்ணில் ஒரு வேற்றுக்கிரக உயிரின் முகத்தைச் செதுக்கி அதன்மேல் சிலிக்கோன் ஊற்றினேன். மூன்று நாளாகியும் களிமண்ணைத் தொட்ட பக்கம் பிசுபிசுப்பாகவே இருக்கிறது. கலவை விகிதம் சரியாகத்தான் இருந்தது.

பதில்: உங்கள் களிமண்ணில் கந்தகம் இருக்கிறது. சிற்பிகள் பயன்படுத்தும் எண்ணெய்க் களிமண் வகைகள் சிலவற்றில் கந்தகம் சேர்க்கப்பட்டிருக்கும்; பிளாட்டினத்தை வினையூக்கியாகக் கொண்ட சிலிக்கோன் அதன்மேல் பட்டால் இறுகாது. லேடெக்ஸ் கையுறையோடு கலக்கினாலும், வெள்ளீய வகைச் சிலிக்கோன் முன்பு புழங்கிய பாத்திரத்தில் கலந்தாலும் இதே விளைவுதான். நானும் ஒருமுறை இரண்டு வாரம் உழைத்துச் செதுக்கிய உருவத்தின்மேல் ஊற்றிவிட்டு, நான்காம் நாள் அதைக் கரண்டியால் வழித்தெடுத்தேன். உங்கள் வலி எனக்குப் புரிகிறது. மேலும் காத்திருப்பதில் பயன் இல்லை. வழித்துவிட்டு, சிதைந்த இடங்களைச் செப்பனிட்டு, கந்தகமில்லாத களிமண்ணுக்கு மாறுங்கள், அல்லது வெள்ளீயத்தை வினையூக்கியாகக் கொண்ட சிலிக்கோனைப் பயன்படுத்துங்கள். இரண்டாம் வகை காலப்போக்கில் சிறிது சுருங்கும். அச்சு நெடுநாள் தாங்காது. ஆனால் சில பிரதிகளுக்குப் போதும். எதுவானாலும், அதே களிமண்ணின் நெல்லிக்காய் அளவு உருண்டைமேல் ஒரு கரண்டி ஊற்றி, ஒரு நாள் பார்த்தபிறகே முகத்தின்மேல் ஊற்றுங்கள். வார்ப்புக்குப் பாலியூரித்தேன் ரெசின் (ஊற்றினால் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) பயன்படுத்தினால், அதன் ஆவியைத் துணி முகமூடி தடுக்காது. கரிம ஆவிகளை வடிகட்டும் குப்பி பொருத்திய முகமூடியை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யவேண்டும்.

கேள்வி: என் கருவியில் எல்.இ.டி. விளக்கு வைத்தேன். எரிகிறது, ஆனால் பழைய படத்தில் இருந்த உணர்வு வரவில்லை.

பதில்: பழைய ப்ராப்களில் பெரும்பாலும் இழை பல்புகள் இருந்தன. இழை சூடாக ஒரு கணம் ஆகும், அணையவும் ஒரு கணம் ஆகும், எல்.இ.டி. பட்டென்று எரிந்து பட்டென்று அணைகிறது. கண் உணர்வது இந்த வேறுபாட்டைத்தான். ஒரு சிறிய மைக்ரோகன்ட்ரோலரை (நிரல் எழுதி இயக்கும் சில்லு) கொண்டு ஏறத்தாழ கால் விநாடியில் ஒளி ஏறவும் இறங்கவும் செய்து, மஞ்சள் சாய்ந்த வெள்ளை நிற எல்.இ.டி.யைத் தேர்ந்தெடுங்கள். விளக்கின் புள்ளி தெரியாமலிருக்க, முன்னாலுள்ள அக்ரிலிக்கின் உட்பக்கத்தை 400 எண் உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்குங்கள்.

மின்தடையை ஊகித்து வைக்காதீர்கள். மின்கலத்தின் வோல்டேஜிலிருந்து எல்.இ.டி.யின் வோல்டேஜைக் கழித்து, தேவையான மின்னோட்டத்தால் வகுக்கவேண்டும். 9 வோல்ட் மின்கலம், 2 வோல்ட் சிவப்பு எல்.இ.டி., 20 மில்லிஆம்பியர் என்றால் 350 ஓம் வரும். எளிதாகக் கிடைக்கும் 390 ஓம் மின்தடையைப் போடலாம். மின்கலத்தை மாற்றுவதற்கு ஒரு மூடி வைக்க மறந்து, எல்லாவற்றையும் ஒட்டிவிடுபவர்கள் பலர்.

கேள்வி: நான் செய்த நகலைப் பார்த்தவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள். விற்றால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: வரலாம், நாட்டுக்கு நாடு விடை மாறும். 2011-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் வெள்ளைக் கவசப் படைவீரர்களின் தலைக்கவசங்களை முதலில் செய்து கொடுத்தவரே பின்னாளில் அவற்றின் பிரதிகளை விற்றார். படநிறுவனம் வழக்குத் தொடுத்தது. அந்தத் தலைக்கவசம் படத்தில் ஒரு பயன்பாட்டுப் பொருள், எனவே சிற்பம் ஆகாது என்றும், சிற்பத்துக்குரிய பதிப்புரிமைப் பாதுகாப்பு பிரிட்டனில் அதற்கு இல்லை என்றும் நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பில், அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்கான கோரிக்கையை ஆங்கில நீதிமன்றத்திலேயே விசாரிக்கலாம் என்றும் கூறியது. ஒரே பொருள், ஒரே விற்பனையாளர், இரு நாடுகளில் இரு நிலை. படத்தின் பெயருக்கும் சின்னத்துக்கும் உள்ள வணிகக்குறி உரிமை இதிலிருந்து தனி. ஆகவே விற்பனையைத் தொழிலாகத் தொடங்குமுன் உங்கள் நாட்டின் அறிவுசார் சொத்துரிமை தெரிந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சட்டத்துக்கு அப்பால் ஒன்றை வலியுறுத்துகிறேன். வேறொருவர் செய்த நகலை வாங்கி, அதன்மேல் அச்செடுத்து விற்பது திருட்டு. அளந்தும் தேய்த்தும் அவர் செலவிட்ட மாதங்களை ஓர் இரவில் எடுத்துக்கொள்வது அது. பொருளும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்: ஒவ்வொரு வார்ப்பிலும் ரெசின் சற்றே சுருங்குவதால், அந்த இரண்டாம் தலைமுறைப் பிரதி சிறுத்தும், கூர்விளிம்புகள் மழுங்கியும் இருக்கும்.

கேள்வி: துப்பாக்கி வடிவிலான ப்ராப் ஒன்றை விமானத்தில் எடுத்துச் சென்று ரசிகர் கூட்டத்தில் கலந்துகொள்ளலாமா?

பதில்: விண்வெளித் துப்பாக்கி என்று உங்களுக்குத் தெரியும், பத்து மீட்டர் தொலைவில் நிற்கும் காவலருக்குத் தெரியாது. ‘ஸ்டார் வார்ஸ்’ கடத்தல்காரனின் துப்பாக்கி ஜெர்மானிய மௌசர் சி96 கைத்துப்பாக்கியின்மேலும், படைவீரர்களின் துப்பாக்கி பிரிட்டனின் ஸ்டெர்லிங் துப்பாக்கியின்மேலும் கட்டப்பட்டவை; எனவே துல்லியமான நகல் என்றாலே உண்மைத் துப்பாக்கியின் உருவம் அதற்குள் இருக்கிறது. அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கிகளுக்கு ஆரஞ்சு நிற முனை வேண்டும் என்று 1988-இலேயே சட்டம் வந்துவிட்டது. வேறு நாடுகளில் வேறு விதிகள் உண்டு. கைப்பையில் வைக்காமல், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பாகங்களாகக் கழற்றிப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். செய்யும்போதே நான்கு திருகுகளில் கழலும்படி செய்துவிட்டால் இது எளிது. உதிரி லித்தியம் மின்கலங்களை மட்டும் அந்தப் பெட்டியில் வைக்கக்கூடாது; அவை உங்களோடு கைப்பையில்தான் வரவேண்டும், முனைகளில் காப்பு நாடா ஒட்டியிருக்கவேண்டும். கூட்டம் நடக்கும் அரங்கின் வாசலில் ஆயுத வடிவப் பொருள்களைச் சோதித்து அடையாளச் சீட்டுக் கட்டுவது வழக்கம். அந்த வாசல்வரை ப்ராப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.